எறும்பு மொய்க்கும் வரை பொறுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் என்றால் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியல் நம் நாளிதழ்களில் தவறாமல் வருகிறது. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர் எப்படிப் போக வேண்டும், அந்தச் சோதனை எங்கெங்கே கெட்டுப்போகும் என்பது மட்டும் அச்சில் ஏறுவதில்லை. சேலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் மருந்துக் கடைகளிலும் வேலை பார்க்கிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கவில்லையே, எனக்கு எப்படி சுகர் இருக்கும்?’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. எறும்பு பொய் சொல்லாது, தாமதமாகச் சொல்லும். ரத்தத்தில் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்க முடியாமல் சிறுநீரில் விடுகிறது. வயதானவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் மேலே ஏறிவிடும். ஆனால் வெறும் வயிற்றில் 126-இலேயே சர்க்கரை நோயின் வரம்பு தொடங்கிவிடுகிறது. 130, 140 என்று வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவரின் சிறுநீரை எறும்பு திரும்பிக்கூடப் பார்க்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்குச் சொன்னது. வாசலில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாது.

அறிகுறி தெரிகிற இடத்திலும் நம் ஊர் வெயில் குழப்பிவிடுகிறது. சித்திரையில் சேலத்தில் யாருக்குத்தான் தாகம் இல்லை? வெயிலால் வரும் தாகத்தில் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போய்விடும். சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகக் கடுத்துப் போகும். சர்க்கரையால் வரும் தாகம் நேர் எதிர். சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால், சிறுநீர் நிறையப் போகும், வெளிறியும் இருக்கும், அப்படியும் நாக்கு வறளும். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரி: குளிரில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், ஆனால் தாகம் எடுக்காது. வயதான ஆண்களுக்கு ராத்திரி நாலு தடவை எழுந்தாலும் ஒவ்வொரு தடவையும் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம்தான் போகிறது என்றால், அது பெரும்பாலும் புராஸ்டேட் தொந்தரவு. நாலு தடவையும் நிறையப் போகிறது என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பழைய லிட்டர் பாட்டிலை வைத்து ஒரு பகல், ஒரு ராத்திரி அளந்து பாருங்கள். 3 லிட்டரைத் தாண்டினால் தள்ளிப்போடாதீர்கள். இந்தத் தாகத்துக்குக் கரும்புச்சாறும் கலர் சோடாவும் குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறி, தாகமும் இன்னும் கூடும். அந்தச் சுற்றிலேயே மயங்கி விழும் நிலைக்குப் போகிறவர்கள் உண்டு.

மருந்துக் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வேறு அறிகுறிகள் தெரியும். பிறப்புறுப்பில் அரிப்பு என்று ஒரே களிம்பை மாதாமாதம் வாங்குவது அதில் முதலாவது. சர்க்கரை கசியும் இடத்தில் பூஞ்சை வளர்வதுதான் அதற்குக் காரணம். பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு அரிப்பும், ஆண்களுக்கு முன்தோல் சிவந்து வெடிப்பதும் திரும்பத் திரும்ப வந்தால், களிம்புக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லாமல் கடையிலேயே முடித்துக்கொள்வதால் இது விட்டுப்போகிறது. அடுத்தது கண்ணாடி. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை ஊறிப் பருத்துப் பவர் மாறும். அந்த நேரத்தில் போட்ட கண்ணாடி, சர்க்கரை அடங்கிய சில வாரங்களில் சரிப்படாமல் போகும். நாற்பதைத் தொட்டவருக்குப் பார்வை திடீரென்று மங்கியதென்றால் கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் சர்க்கரையைப் பார்ப்பது லாபம்.

பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பதை அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறார்கள். பீர்க்கங்கூடு தேய்ந்ததுதான் மிச்சம். உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்கூடப் பார்க்கலாம். சாப்பாடு குறையாமல் எடை மட்டும் இறங்கினால், ‘இளைச்சிட்டியே, நல்லா இருக்கே’ என்று பாராட்டுகிறோம். பாராட்டுக்கு முன் ஒரு சோதனை. ஈறு வீங்கி ரத்தம் கசிவது, புண் ஆற வாரக்கணக்கில் ஆவது, காசநோய் வருவது ஆகியவற்றின் பின்னாலும் சர்க்கரை ஒளிந்திருக்கும்.

கால் மரத்துப்போவதைத் தொடக்க அறிகுறி என்று சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது தாமதமாக வருவது. ஆனால் அதற்குப் பிறகுதான் நோய் இருப்பதே தெரிந்தது என்பவர்கள் ஏராளம். குழித்தறியில் வெறுங்காலால் மிதி மிதிக்கிற நெசவாளிக்கு அடிப்பாதத்தில் மதமதப்பு வந்தால் அதைத் தொழிலின் வலி என்றே எடுத்துக்கொள்வார். இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறதா, ராத்திரி படுத்தால் எரிச்சல் கூடுகிறதா, செருப்பு கழன்று போனதே தெரியாமல் நடக்கிறாரா என்று பாருங்கள். இடுப்பிலிருந்து ஒரு காலுக்கு மட்டும் இறங்கும் வலி பெரும்பாலும் முதுகெலும்பு சம்பந்தப்பட்டது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நிதானம் கூடாது. படுக்கையில் போவதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால், சில வாரங்களில் சட்டை தொளதொளவென்று ஆனால், அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சோதனைக்கு நாளைக் காலை வரை காத்திருப்பது தவறு. எந்த நேரத்திலும் விரலில் குத்திப் பார்க்கலாம். இதோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழுத்த பழ வாடை சேர்ந்தால் அது அவசர சிகிச்சைக்கானது. வயிற்று வலிக்கு மாத்திரை வாங்கக் கடைக்கு வராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, அறிகுறி எதுவும் இல்லாதவர் எப்போது பார்க்க வேண்டும்? 30 வயது ஆனவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அரசுத் திட்டங்களின் கணக்கு. சென்னையில் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு. ஒரு தையல் டேப் இருந்தால் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80-க்கும் கீழே என்றால் 0. ஆணுக்கு 90 முதல் 99, பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கு மேலே 20. உடற்பயிற்சியும் உண்டு, உடலுழைப்பும் உண்டு என்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் 20. இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்கிற 42 வயதுக்காரர், இடுப்பு 94, அம்மாவுக்குச் சர்க்கரை என்று வையுங்கள்: 20, 10, 30, 10. மொத்தம் 70. அவர் பார்க்க ஒல்லியாகத்தான் இருப்பார். கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிற உடம்புவாகு நம்மிடம் அதிகம். எடை மெஷின் அதைக் காட்டாது, டேப் காட்டும். டேப்பைப் பேன்ட் கட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். எங்கள் மேசையில் அதிகம் கெடுவது வெறும் வயிற்றுச் சோதனைதான். 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். 14 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபியும், சுக்குக் கஷாயமும், வெற்றிலைப் பாக்கும், பீடியும் இந்தக் கணக்கில் சேராது என்று நினைப்பது பிழை, எல்லாமே சேரும். விசைத்தறியில் இரவு ஷிப்டு முடித்துக் காலை 7 மணிக்கு வருகிறவர் ‘வெறும் வயிறுதான்’ என்பார். 3 மணிக்குக் குடித்த டீயும் தின்ற பன்னும் அவர் நினைவில் இருக்காது. அப்படி வருகிறவர் அன்றைக்குத் திரும்பிப் போய், ஷிப்டு இல்லாத நாளில் வருவது நல்லது. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது. வழியிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மருந்தைக் கையில் கொண்டு வந்து, ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுக்கலாம்.

இன்னொரு வேடிக்கை, சோதனைக்கு முன் ஒரு வாரம் பத்தியம் இருப்பது. சோதனை என்ன, பரீட்சையா, பாஸ் ஆவதற்கு? வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டால்தான் வழக்கமான சர்க்கரை தெரியும். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைக்கு முன்னால் சோறு, இட்லியை அடியோடு நிறுத்தினால் எதிர்ப்பக்கமாகவும் கெடும்: மாவுச்சத்தைப் பார்க்காமல் பழகிய உடம்பு திடீரென்று வரும் குளுக்கோஸைச் சமாளிக்க முடியாமல் எண் கூடுதலாகக் காட்டும். மூன்று நாளைக்கு முன்பிருந்தே எப்போதும் போலச் சாப்பிடுங்கள்.

காய்ச்சல், சீழ்க்கட்டி, சமீபத்து அறுவை சிகிச்சை இருந்தால் சர்க்கரை தற்காலிகமாக ஏறும். உடம்பு தேறிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும், மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றிவிடும். பெயர் இல்லாத பொட்டலத்தில் ‘மூட்டுவலிக்கு ஒரே வாரத்தில் குணம்’ என்று வாங்கித் தின்கிறவர்கள் அந்தப் பொட்டலத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ம் மேலும் நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 140-க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முந்தைய நிலை, 200-ம் மேலும் நோய். தாகம், எடைக் குறைவு போன்ற அறிகுறிகளோடு எந்த நேரத்திலும் 200 வந்தால் அதுவே போதும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. வேறொரு நாளில் மறுபடி பார்க்க வேண்டும், அல்லது ஒரே ரத்தத்தில் இரண்டு வகைச் சோதனையும் வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். வெறும் வயிற்று எண் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று போகிறவர்களில் ஒரு பகுதியினருக்குச் சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அதனால் இரண்டையும் பாருங்கள்.

சாப்பிட்ட பின் என்பதிலும் கடிகாரம் முக்கியம். 2 மணி நேரம் என்பது முதல் வாய் எடுத்ததிலிருந்து. கை கழுவியதிலிருந்து அல்ல. 8 மணிக்கு உட்கார்ந்து 8.25-க்கு எழுந்தவருக்கு 10 மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும். சோதனை என்பதற்காக இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வீட்டில் நாலு என்றால் நாலு. நடுவில் கடைவீதியைச் சுற்றிவிட்டு வந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும். அப்புறம், உடம்புக்கு லேசானது என்று சிலர் ஜவ்வரிசிக் கஞ்சி குடித்துவிட்டு வருகிறார்கள். ஜவ்வரிசி நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் அது மரவள்ளியிலிருந்து பிரித்த மாவுச்சத்து மட்டுமே. வழக்கமாகக் குடிப்பவர் குடிக்கலாம், சோதனைக்கென்று புதிதாகக் குடிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். குழாயில் எடுத்த ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைப் பிரிக்காமல் வெளியில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால்தான் சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதில் இருக்கும் சோடியம் ஃபுளோரைடு அந்தத் தீனியை நிறுத்தும். அதுவும் உடனே நிறுத்தாது, முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகும். ஏற்காட்டுக்கு அப்பால் எஸ்டேட் குடியிருப்பில் காலையில் வேறு குழாயில் எடுத்த ரத்தம், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் மேசைக்கு வர மூன்று மணி நேரம் ஆனால், 130 இருந்தது 110-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நோயாளி ‘பார்டர்’ ஆகிவிடுவார். ரத்தம் எடுத்தவர் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்தாரா, அரை மணிக்குள் சுழற்றிப் பிரித்தாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மலையிலிருந்து வருகிறவர்களுக்குச் சௌகரியமானது ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை. வெறும் வயிறு தேவையில்லை, ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்ச்சியாக வைத்தால் சில நாள் தாங்கும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும், 5.7 முதல் 6.4 சதவீதம் வரை முந்தைய நிலை, 6.5-ம் மேலும் நோய். ஆனால் இது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. இரும்புச்சத்துக் குறைந்த சோகை இருந்தால் பொய்யாகக் கூடும். ரத்தம் இழந்தவருக்கு, ரத்தம் ஏற்றியவருக்குப் பொய்யாகக் குறையும். சோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டு குளுக்கோமீட்டர் நோய் உள்ளவர் தினசரி பார்ப்பதற்கு. நோய் உண்டா என்று தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. 15 சதவீதம் அப்படி இப்படி இருப்பது அதற்கு அனுமதிக்கப்பட்ட பிழை. மாம்பழச் சீசனில் இது இன்னும் மோசம். மல்கோவா நறுக்கிய கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினால், விரலில் ஒட்டிய சாறு துளி ரத்தத்தோடு கலந்து 120 இருப்பவருக்கு 250, 300 என்றெல்லாம் காட்டும். ஸ்பிரிட் பஞ்சு சாற்றை முழுதாக எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை வையுங்கள். பிழியாதீர்கள், கை குளிர்ந்திருந்தால் வெந்நீரில் கழுவுங்கள். ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் டப்பாவை மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் வைப்பதும், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மூடாமல் வைப்பதும் ஒன்றுதான்: ஸ்ட்ரிப் கெட்டுப்போகும், ஆனால் எண் காட்டத் தவறாது.

கர்ப்பிணிகளுக்குத் தனி முறை. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா வலியுறுத்திப் பரவிய அந்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிஷத்தில் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து 140-ம் மேலும் வந்தால் கர்ப்ப காலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மீண்டும். முதல் முறை வரும்போது ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. பிரசவத்துக்குப் பின் 6 வாரத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் மறந்துபோகிறது. தாய்க்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதன் பிறகும் வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உலக நீரிழிவு நாளான நவம்பர் 14 வந்தால் முகாம்களுக்குக் குறைவில்லை. அங்கே விரலில் குத்தி 160 என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். சிலர் அதையே பயந்துபோய்ச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் ‘இப்பதானே சாப்பிட்டேன்’ என்று கிழித்துப் போடுகிறார்கள். சாப்பிட்டிருந்தாலும் 140-ஐத் தாண்டினால் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சீட்டின் அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். முந்தைய நிலை என்று வந்தால் வருஷத்துக்கு ஒருமுறை. இயல்பு என்று வந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. நோய் என்று உறுதியானால் அன்றைக்கே கண்ணின் விழித்திரையையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் தெரிவதற்கு முன்பே கண்ணும் சிறுநீரகமும் தொடப்பட்டிருக்கலாம்.

தங்கள் நாளிதழ் வழியாகப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரிப்போர்ட்டில் அச்சாகும் நேரம் பெரும்பாலும் ரிப்போர்ட் அடித்த நேரம். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், ரத்தத்தைப் பிரித்த நேரம் மூன்றும் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டும். அதுவரை, ரத்தம் கொடுத்தவர்கள் அந்த நேரங்களைக் கேட்டு ரிப்போர்ட்டின் ஓரத்தில் கையால் எழுதி டாக்டரிடம் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூட, மருந்துக் கடைப் பணியாளர்கள் சிலர்,
சேலம்.